இரண்டாம் உப்பு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'இல்லறத்தில் நகைச்சுவை'. அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்றும் பெயருக்குக் கீழே இந்தத் தலைப்பும் அச்சாகியிருந்ததைப் பார்த்த என் கணவர், "இதற்கும் ஆய்வேடு சமர்ப்பித்தாயா?" என்று கேட்டார். சமர்ப்பிக்கவில்லை. ஆனால் களப்பணி இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்திருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

தலைப்பைச் சற்றுக் குறுக்கிக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். கணவனும் மனைவியும் மட்டும் வாழும் வீட்டின் நகைச்சுவை ஒருவகை. அவ்விருவரோடு முதியவர் ஒருவரும் வாழும் வீட்டின் நகைச்சுவை வேறொரு வகை. நான் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. அதை மறைக்காமல் பின்னர்ச் சொல்லிவிடுகிறேன்.

நகை என்பதைத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக வைக்கிறார். அதற்கு அடுத்தபடியாக அழுகையை வைக்கிறார். நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. இவற்றுள் எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. வகுப்பில் இந்தப் பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். முதல் வகைக்கு மாணவிகள் ஆளுக்கொரு சான்று சொல்வார்கள். இரண்டாம் வகைக்குச் சான்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நானும் தேர்வில் வராது என்று சொல்லிக் கடந்துவிடுவேன். அப்படிக் கடந்தது எவ்வளவு பெரிய பிழை என்பது என் வீட்டுச் சமையலறையில்தான் எனக்கு விளங்கிற்று.

குறுந்தொகையின் 167ஆம் பாடலை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் கட்டித் தயிரைத் தன் விரலால் பிசைகிறாள்; கையைக் கழுவாமல் உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள்; தாளிப்பின் புகை மைதீட்டிய கண்ணில் சூழ்கிறது; புளிப்புக் குழம்பைச் சமைத்து முடிக்கிறாள்; கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான்; அவள் முகம் மெல்ல மலர்கிறது. காதலின் உச்சமென்று இதனைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதே. ஆயினும் ஒன்று கேட்கிறேன். இவ்வளவையும் கண்டது யார்? பாடலின் கூற்று செவிலித்தாயுடையது. மணமனைக்குச் சென்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நற்றாயிடம் சொல்கிறாள். அதாவது, அந்த அடுக்களையின் பக்கத்தில் வயது முதிர்ந்த பெண் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள். கையை ஆடையில் துடைத்ததையும் பார்க்கிறாள், புகையில் கண் கலங்கியதையும் பார்க்கிறாள். வாய்திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாடல் இல்லை, பட்டிமன்றம்தான்.

(இடையில் ஒரு சிறு செய்தி. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது 1937ஆம் ஆண்டில். உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில். இரண்டுக்கும் தொடர்பேதுமில்லை, தாம்பரத்துக்காரி என்ற உரிமையில் சொல்லிவைத்தேன்.)

நம் பகுதிக்கு இந்தத் துறையில் உரிமை உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று இருக்கிறது. தமிழ் நாடகத் தந்தை சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் பம்மல், 2021ஆம் ஆண்டு முதல் நம் தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய அவர், சோகமும் எழுதினார், ஷேக்ஸ்பியரையும் தமிழாக்கினார். மக்கள் நெஞ்சில் நின்றதோ 'சபாபதி'. எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் என்ற ஒரு சிறு முடிச்சில் அத்தனை சிரிப்பையும் கட்டினார். 1941இல் படமாகவும் வந்தது. எசமானும் அசடு, வேலைக்காரனும் அசடு என்பதே அந்த நகைச்சுவையின் அறம். ஒருவன் மட்டும் அசடாக இருந்திருந்தால் அது வெறும் ஏளனமாகப் போயிருக்கும்.

பின்னர் வந்த சபா நாடகங்களில் இந்தச் சமநிலை குலைந்தது என்பது என் எண்ணம். கிரேசி மோகனின் மாதுவும் ஜானகியும் நம் வீட்டுப் பிள்ளைகள் போல ஆனார்கள். சொல்விளையாட்டில் அவருக்கு இணை அரிது. அவரைக் குறைகூற வரவில்லை. அவரைப் பின்பற்றியவர்களும், வார இதழ்த் துணுக்கு எழுதியவர்களும், பண்டிகைக் காலைத் தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களில் பேசியவர்களும் முதியவரை, குறிப்பாக மாமியாரை, மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, மாறி மாறி அவர்மேல் சொல் எறிந்தார்கள். அந்த நாற்காலியிலிருந்து ஒருநாளும் மறுமொழி வரவில்லை. இதில் மாமனார்கள் தப்பித்துக்கொண்டது எப்படி என்பது தனி ஆய்வுக்கு உரியது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் இளையோர் எடுத்துக்கொள்ளலாம்.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' 1986ஆம் ஆண்டுப் படம். தேசிய விருதும் பெற்றது. தந்தைக்கும் மூத்த மகனுக்கும் பூசல் முற்றி வீட்டுக்கு நடுவே கோடு கிழிக்கிறார்கள். சிரிக்கச் சிரிக்கத்தான் அந்தக் கோடு போடப்படுகிறது. இறுதியில் குடும்பத்தை ஒட்டவைத்த மூத்த மருமகளே, தனியே வாழ்ந்து வார இறுதியில் வந்துபோவது நலம் என்று முடிவெடுக்கிறாள். படம் பார்த்துத் திரும்பிய பெரியவர்கள் பலருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. கோட்டின் இருபுறமும் நிற்பவர்களுக்கு அந்தப் படத்தில் பேச வாய்ப்பு இருந்தது.

இப்போது நம் வீடுகளுக்கு வருகிறேன். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின் இந்தத் தடத்தின் இருமருங்கிலும் ஊர்கள் பெருகின. குரோம்பேட்டையிலும் சிட்லபாக்கத்திலும் சேலையூரிலும் ஒரு கிரவுண்டு மனை வாங்கி, முன்னால் ஒரு வேப்பமரமும் பின்னால் ஒரு கிணறுமாகக் கட்டிய வீடுகளை நம்முள் பலர் பார்த்திருக்கிறோம். அந்த 2,400 சதுர அடியில் இன்று எட்டு வீடுகள் அடுக்காக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில், மேற்குத் தாம்பரத்தில், இரண்டாம் தளத்தில் நாங்கள் வாழ்கிறோம். என் மாமியாரின் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். அங்கே திண்ணை உண்டு, இரேழி உண்டு, கூடம், முற்றம், கொல்லை எல்லாம் உண்டு. கணவனும் மனைவியும் சண்டையிடக் கொல்லை. மாமியார் முணுமுணுக்கத் திண்ணை. மாமனார் எதுவும் காதில் விழாதவர்போல் இருக்கக் கூடம். எங்கள் வீட்டிலோ எல்லாவற்றுக்குமாக ஒரே ஹால்.

கவிஞர்களே, இது சிறிய இடர்ப்பாடன்று. திருமணமானவர்களுக்குச் சண்டையிட ஓர் இடம் வேண்டும். உறங்கும் அறையில் மெல்லிய குரலில் சண்டையிட்டுப் பார்த்தோம். சண்டையை மெல்லிய குரலில் நடத்துவது கடினம், நடுவிலேயே சிரிப்பு வந்துவிடும், அல்லது "என்ன? கேட்கவில்லை" என்று மற்றவர் சொல்ல, சொன்னதையே மறுபடி சொல்லும்போது கோபம் நீர்த்துப்போகும். அத்தைக்குக் காது மந்தம். அதனால் உரக்கப் பேசினால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவருக்குச் செவிக்கருவி வாங்கிக் கொடுத்திருந்தோம். வீட்டில் அதற்குப் பெயர் 'காது மிஷின்'. பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பூட்டாத குறையாக வைத்திருப்பார். தொலைக்காட்சி பார்க்கப் பொருத்திக்கொள்ள மாட்டார், ஒலியைக் கூட்டிவிடுவார். விருந்தினர் வந்தாலும் பொருத்திக்கொள்ள மாட்டார். நாங்கள் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினால் மட்டும் டப்பாவின் மூடி திறக்கும் ஓசை கேட்கும்.

ஆகவே ஒரு வழி கண்டோம். கறிவேப்பிலை வாங்கச் செல்கிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பிவிடுவோம். தெருமுனைக் கடையைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, இரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகள்வரை சண்டையிட்டுக்கொண்டே நடப்போம். கிழக்குத் தாம்பரத்தில் இறங்கும்போது பெரும்பாலும் சமாதானமாகியிருப்போம். ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். வாசலில் அத்தை நிற்பார். "கறிவேப்பிலை எங்கேம்மா?" என்பார். மறந்திருப்போம். இப்படி மூன்று நான்கு முறை நடந்தபின் ஒருநாள், "ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு ரெண்டு பேரு எதுக்கு?" என்று கேட்டார். அடுத்த வாரம் பால்கனியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காசு கொடுத்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அது வெள்ளை மனமா, குறும்பா என்று கணவரும் நானும் நெடுநாள் வாதிட்டோம். அந்த வாதத்துக்கும் இடமில்லாமல்தான்.

இத்தனை வளமான கருப்பொருள் கைவசமிருக்கக் கவிதை எழுதாமல் இருப்பேனா? 2018 அக்டோபர் மாதக் கூட்டத்தில், நம் வட்டத்தின் நகைச்சுவைக் கவியரங்கில், ஒரு கவிதை வாசித்தேன். ஒரே குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டு, மருமகளின் சமையல் கைக்கிறது என்று சொல்லும் மாமியாரைப் பற்றியது. நீங்கள் கைதட்டினீர்கள். இந்த அவையில் நான் பெற்ற கைதட்டல்களில் அதுவே பெரிது. வட்டத்தின் மாத மடலிலும் அது வெளிவந்தது. அந்த மடலை மேசைமேல் வைத்திருந்தேன்.

அத்தை எட்டாம் வகுப்புவரை படித்தவர். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து விளம்பரம்வரை விடாமல் படிப்பார். என் கவிதையையும் படித்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. மடலை நான்காக மடித்து அந்தப் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்துவிட்டார். மறுநாள் காலை சமையலறைக்கு வரவில்லை. காய் நறுக்கட்டுமா என்று கேட்கவில்லை. நான் அழைத்தபோது, "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொன்னாரெனில் தாங்கியிருப்பேன். விருந்தாளி வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் சொன்னார். ஐம்பது ஆண்டுகள் அடுப்போடு வாழ்ந்தவர், பதினைந்து அடி தொலைவில் இருந்த அடுப்பை எட்டு மாதங்கள் எட்டிப் பார்க்கவில்லை. தட்டில் வைத்ததை உண்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மாமியார் தலையிடாத சமையலறை வேண்டுமென்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! கிடைத்தது. அதில் நின்று சமைத்த நாள்களைப்போல் நீண்ட நாள்களை நான் அறியேன்.

இந்த எட்டு மாதமும் கணவர் நடுநிலை வகித்தார். நடுநிலை என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும்: என்னிடம் "நீ எழுதியது நன்றாகத்தானே இருந்தது" என்பார், அம்மாவிடம் "அவள் உங்களை எழுதவில்லை அம்மா, பொதுவாக எழுதினாள்" என்பார். இரண்டும் பொய்.

2019 கோடையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சூன் மாதத்தில் ஏறக்குறைய வறண்டுபோயின. சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு அதற்கு முன்பே கைவிட்டுவிட்டது. பணம் கட்டிப் பதிவு செய்த தண்ணீர் லாரி நான்கு நாள்கள் வரவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்தது. ஏனெனில் அத்தைக்கு ஒரு வழக்கம்: குழாயில் தண்ணீர் வந்தால் வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரங்களையும் நிரப்பிவைப்பார். பதினொரு குடம், இரண்டு அண்டா, ஒரு தவலை. ஹாலில் நடக்க இடமிருக்காது. "இது வீடா, தண்ணீர்ப் பந்தலா?" என்று நான் கேட்டதுண்டு. அதையும் ஒரு கவிதையாக்கக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.

லாரி வராத முதல் நாள் மாலையே அத்தை சமையலறைக்கு வந்தார். வந்து ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். அரிசி களைந்த நீர் பாத்திரம் விளக்க. விளக்கிய நீர் செடிக்கு. குளியலுக்கு ஆளுக்கு அரைக் குடம். குடிநீர் கேட்டால் சொம்பில் அளந்து தருவார். முனைவர் பட்டம் பெற்ற நான் சொம்பை ஏந்தி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் என் கணவர். அவருக்கு முன்னால் கைப்பேசியிலிருந்து முதன்முறையாகத் தலைநிமிர்ந்த என் மகன். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பேராசிரியர் சொன்ன இரண்டாம் எள்ளல் அதுதான் போலும்.

"என்னம்மா சிரிக்கிற? இதையும் எழுதுவியா?" என்றார் அத்தை.

"எழுதட்டுமா அத்தை?"

"எழுது. ஆனா அன்னைக்குக் குழம்புல உப்பு நான் ஒரு தடவதான் போட்டேன். ரெண்டாவது தடவ போட்டது நீ. போன்ல பேசிக்கிட்டே போட்ட. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் சொன்னதும் அந்த நாள் எனக்கு முழுவதும் நினைவுக்கு வந்தது. கல்லூரியிலிருந்து அழைப்பு, காதுக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசி, கையில் உப்புச் சாடி. பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போது சொல்லவில்லை. உண்ணும்போது "கைக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். அதை நான் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டேன். செவிலித்தாய் வாய்திறக்காததைப் பாடலாகப் படித்துப் பாராட்டத் தெரிந்த எனக்கு, வீட்டில் அதைக் கண்டுகொள்ளத் தெரியவில்லை.

சட்டம் பற்றியும் ஒரு சொல். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டு வந்தது. பிள்ளைகள் கைவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய்வரை வாழ்க்கைப்படி என்று அது வரம்பிட்டது. 'பிள்ளைகள்' என்பதற்கு அது தந்த விளக்கத்தில் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு, மருமகள் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் சேர்க்க முனைந்தது, அது சட்டமாகவில்லை. முதியோர் இல்லங்களைப் பற்றி உருக்கமாக எழுதுவதற்கு நம் கவிஞர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டிலேயே இருக்கும் முதியவரைச் சிரிப்பின் வழியாகக் கைவிடுவதை எந்தத் தீர்ப்பாயமும் விசாரிக்காது. அதை இதுபோன்ற அவைதான் விசாரிக்க வேண்டும். மாமியாரைப் பற்றி இனி எழுதவே கூடாதென்று சொல்லவில்லை. எழுதுங்கள். எழுதியதை முதலில் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அவர் திருத்தம் சொன்னால் இன்னும் நல்லது, கவிதை மேம்படும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன சொந்தக் காரணம். பத்தாம் ஆண்டு மலருக்காகப் பத்தாண்டுக் கவிதைகளிலிருந்து தேர்ந்தெடுத்த மலர்க்குழு, என்னுடையதாக அந்த உப்புக் கவிதையைத் தேர்ந்திருக்கிறது. கைதட்டலை அவர்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு என் நன்றி. அதை வெளியிட வேண்டாமென்று முதலில் எழுத நினைத்தேன். அத்தையைக் கேட்டேன். "போடட்டும்; ஆனா சரியாப் போடச் சொல்லு" என்றார். ஆகவே மலர்க்குழுவினரை அவை முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கவிதையின் அடியில் ஒரே வரி சேர்த்து அச்சிடுங்கள். 'இரண்டாம் உப்பு இதை எழுதியவள் போட்டது.' அவ்வளவு போதும்.

நேரமாகிவிட்டதெனத் தலைவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு செய்தி சொல்லி அமர்கிறேன். அத்தைக்கு இப்போது எண்பத்தொரு வயது. நாள்தோறும் மாலை ஆறு மணிக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். மழைநாளிலும் குடையோடு போவார். அவருடைய பக்தியைப் பற்றி நான் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. சென்ற மாதம் முழங்கால் வலி மிகுதியாக இருந்தது. "வீட்டிலிருந்தே கும்பிடுங்களேன் அத்தை" என்றேன். "சாமி எங்கேயும் இருக்கும்மா. நீங்க ரெண்டு பேரும் சண்ட போட எங்க போவீங்க? அதுக்குத்தான் ஒரு மணி நேரம் வெளிய போறேன்" என்றார்.

இன்று அவர் கோவிலுக்குப் போகவில்லை. மூன்றாவது வரிசையில், காது மிஷினைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் கணவர். இன்று மாலைக்குரிய சண்டையை நாங்கள் எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.